பிந்தி வந்த புத்தகம்

பதிவேட்டில் மொழிக்கு மூன்று கட்டங்கள்:
சிங்களம், தமிழ், ஆங்கிலம்.
இதற்குள் ஓர் எழுத்துக்கூட இல்லை.
ஒரு சிறுத்தை, பின்னால் இரண்டு குட்டிகள்,
தேயிலை, மழை,
பிறகு வேலியோரம் கம்பிச் சுருக்கு.

வெள்ளவத்தைக் கிளை நூலகத்துக்குப்
பன்னிரண்டு நாள் பிந்தி வந்தது.
கொண்டுவந்தவள் ஸிம்ரா. ஏழு வயது.
வாப்பாவின் கைக்குப் பின்னால் பாதி முகம்.

புரட்டினேன்.
பதினான்காம் பக்கமும் பதினைந்தும்
ஒட்டிக் கிடந்தன.
ஓரத்தில் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை,
சிவப்புச் சம்பா.

"ஏன் மகள்?"

ஜன்னலுக்கு வெளியே பாணந்துறை ரயில்
கடலை மறைத்துக்கொண்டு போனது.
கடைசிப் பெட்டி போகுமட்டும் பேசவில்லை.
பிறகு மெல்ல,
"இப்ப அது ஊட்டுக்குப் போகலாம்தானே."

வாப்பா பேர்ஸைத் திறந்தார்.
பிந்தியதற்கு அறுபது ரூபாய் எடுத்தேன்.
பசைக்கு ஒன்றும் எழுதவில்லை.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான்
பதினாறாம் பக்கத்தைப் பார்த்தேன்.
குட்டிகள் இரண்டும் பாறையடியில்
நனைந்தபடி காத்திருக்கும் பக்கம்.
எத்தனையோ தரம் அதை
வேகமாகத் தாண்டியிருக்கிறேன்.

இடது ஓரத்திலிருந்து
பென்சிலில் ஒரு முன்னங்கால்
உள்ளே வந்துகொண்டிருந்தது.
விரல்கள் ஆறு.
அழித்து அழித்து வரைந்ததில்
தாள் அங்கே கொஞ்சம் மெலிந்திருந்தது.