மூன்று கிராமும் கொஞ்சமும்

வாஷிங் மெஷினுக்குள்
ஏதோ கிணுங்கியது.
இருபது காசு என்று நினைத்தேன்.
ராத்திரி ஒன்பதரை, லாபிஸில் மழை.
தண்டவாளத்துக்கு அப்பால்
செம்பனை ஆலை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கால்சட்டைப் பையைப் புரட்டினேன்.
கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது.
இருபத்திரண்டு காலிபர்.
பித்தளை உடம்பு, ஈயத் தலை,
அடிவிளிம்பில் ஊசி குத்திய தழும்பு இல்லை.
உயிரோடு இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாகச் சுடுகிறேன்.
என் கைத்துப்பாக்கி
என் வீட்டைப் பார்த்ததேயில்லை.
கிளப்பின் இரும்பறையில் தூங்கும்.
பூட்டு இரண்டு, சாவி இரண்டு,
இரண்டும் ஒரே இடுப்பில் தொங்காது.
மூவாரில் போட்டி என்றால்
ஒரு கடுதாசி, அதற்கொரு முத்திரை,
முத்திரைக்கு மூன்று வாரம்.
பாலாய் முகப்பில் கால் கடுக்க நின்று
முணுமுணுத்திருக்கிறேன்:
பேட்மிண்டன் மட்டைக்கு
யாராவது லைசென்ஸ் கேட்கிறார்களா?

அதே நான்தான்
புதியவர்கள் வந்தால் முன்னே நிற்பேன்.
விரல் வளையத்துக்கு வெளியே.
குழல் எப்போதும் குறிப்பலகைப் பக்கம்.
காலி என்று யார் சொன்னாலும் நம்பாதே,
திறந்து பார்,
பார்த்த பிறகும் நம்பாதே.

இன்று பிற்பகல் புத்தகத்தில் எழுதினேன்:
வாங்கியது எழுபத்தைந்து
சுட்டது எழுபது
திருப்பியது ஐந்து.
கையெழுத்து,
மங்களேஸ்வரி அனாக் பெரெம்புவான் சின்னப்பன்.
வானம் இறங்கிக்கொண்டிருந்தது.
ஸம்ரிக்குத் தொழுகை அவசரம்.
நான் எண்ணியிருப்பேன் என்று அவர் நம்பினார்.
அவர் எண்ணுவார் என்று நான்.

குணசீலன் எட்டிப் பார்த்தார்.
"லோங்காங்குல போட்டுட்டு வந்து படு.
யாருக்குத் தெரியப் போவுது?"
கெட்டவர் இல்லை.
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்,
பிள்ளைகளை ஏற்றும்போது ஒருமுறை
இறக்கும்போது ஒருமுறை
தலை எண்ணுகிறவர்.
அதைச் சொன்னேன்.
துண்டை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

போன தீபாவளிக்கு முன்
பக்கத்து வீட்டு வடமலை கேட்டார்:
"ரெண்டு தோட்டா மிச்சம் புடிச்சுக் குடு தங்கச்சி.
கன்னெல்லாம் பன்னி தோண்டிப் போடுது."
துப்பாக்கிக்கு எங்கே போவீர்கள் என்றேன்.
சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கு இன்றைக்குச்
சோப்பு வாசம்.

ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
லோரி ஏறும், சிவப்பில் எண் எரியும்.
இருபது கிலோவுக்குக் கீழே
என் மேடைக்குக் கண் கிடையாது.
ஒரு குலை உருண்டு போனாலும் கேட்காது.
ஏழு வருடமாக
அந்தக் கணக்கில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.
இது மூன்று கிராமும் கொஞ்சமும்.

ஸம்ரிக்கு அடித்தேன்.
மறுமுனையில் மழை மட்டும் நெடுநேரம் பெய்தது.
பிறகு, "ஜாங்கான் பெகாங் லாகி."
இனித் தொடாதே.
பாலாய்க்கு அவரே சொல்கிறாராம்,
இரண்டு பேர் பெயரையும்.

தொட்டாகிவிட்டது.
சமையல் மேசையில் ஒரு கிண்ணம், அதில் அது.
மகள் படிக்கும் அறையை
வெளியிலிருந்து சாத்தினேன்.
துப்பாக்கி இல்லாத தோட்டா,
தானாக எங்கும் போகாது,
எனக்குத் தெரியாததா?
ஆனாலும் கிண்ணத்தைத் திருப்பி
அதன் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்தேன்.

பதினொன்றே காலுக்குக் காடி வந்து நின்றது.
மழைக்கோட்டோடு ஒரு சின்னப் பையன்,
மீசை இன்னும் முடிவாகவில்லை.
குனிந்து பார்த்தான்.
எத்தனை என்றான்.
ஒன்று.
நிச்சயமா?

மெஷினைத் திறந்து
ஈரத் துணியெல்லாம் தரையில் கொட்டி
ஒவ்வொரு பையாக
மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன்,
என் சட்டை,
அவர் வேன் சட்டை,
பிள்ளையின் பள்ளிச் சீருடை.