எண்பத்து மூன்றாம் டோக்கன்

மாட்டுச் சந்தைக் கொட்டகை.
வருடத்தில் இரண்டு நாள்
இங்கே இலவசமாகப் பல் பிடுங்குகிறோம்.

மேற்கு வர்ஜீனிய மலைகளிலிருந்து
முந்தைய இரவே இறங்கிவந்து
காரில் உறங்கி எழுந்த வரிசை.
கண்ணாடிகளில் இன்னும் மூச்சு.

எண்பத்து மூன்று, வெர்னான்.
சுரங்கம் மூடி ஆறு வருடம்.
"நாலு சொத்தை" என்றேன்.
"மற்றதையும் எடுத்துவிடுங்கள்."
"நன்றாகத்தானே இருக்கின்றன?"
"இன்றைக்கு.
நீங்கள் இனி அடுத்த அக்டோபரில்தானே வருவீர்கள்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
ஊசியில் மருந்தேற்றிக்கொண்டே
அவன் சொல்லைத் திரும்பக் கேட்டேன் எனக்குள்.
கணக்கு பிசகவில்லை.

ஈறு மரத்துவரும் நேரம்,
குழறலாய்க் கேட்டான்:
தொண்ணூற்றொன்றைக் கூப்பிட்டாயிற்றா?

திரைக்கு அப்பால் பெஞ்சில் அவன் மகள்,
பதினேழு வயது.
வாய் திறக்காமல்
சிரித்தாள்.