பேரம் படியவில்லை

தஞ்சோங் தோக்கோங் படகுத்துறையில்
பதினோரு மாதமாய் விற்பனைக்கு நிற்கிறது.
இரண்டு எஞ்சின், ஆறு சோலார் தகடு,
உப்புநீரை நன்னீராக்கும் பெட்டி,
போன வருடம் தைத்த பாய்.
கமிஷன் எனக்கு. பட்டியல் மனப்பாடம்.

ஈப்போவிலிருந்து வந்த பல்மருத்துவர்
சரியென்று தலையாட்டிய நிமிடம்
ஹென்ரிக் குனிந்து தரைப்பலகையைத் தூக்கினார்:
"இங்கே கசியும். அலையில்லாத நாளிலும்."

கசியாது.
நேற்றுதான் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன்.
மாவு டப்பா போலக் காய்ந்து கிடந்தது.

பல்மருத்துவர் காரேறிப் போனார்.
"இதற்கு உன் பாஷையில் என்ன பெயர், முகுந்தன்?"
நாலாவது தடவை கேட்கிறார்.
கட்டுமரம் என்றேன்.
கட்டு, கட்டு என்று சொல்லிப் பார்த்தபடி
கரைக்கயிற்றை
இன்னொரு சுற்று இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை எனக்கு
மோட்டார்சைக்கிள் தவணை.