நூறு மில்லி

காலடிப்பேட்டை மெடிக்கல் ஷாப்பில்
பதினொரு வருஷமாக நிற்கிறேன்.
நூறு மில்லி என்றால் எவ்வளவென்று
எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.
இருமல் மருந்து ஒரு பாட்டில்.
வேளைக்குப் பத்து, மூன்று வேளை,
நாலாம் நாள் காலையோடு தீரும்.
அப்புறமும் இருமினால்
டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

தேசப்பன் கிளம்பும்போது பெட்டியில் இடமில்லை.
இரும்பு மூக்கு வைத்த ஷூ,
வெல்டிங் கண்ணாடி, மோனிஷா மடித்துக் கொடுத்த
நாலு லுங்கி.
காசிமேட்டு ஏலத்தில் எடுத்த சின்ன எறா,
இரண்டு கிலோ, தலை கிள்ளி, தோலுரித்து,
எண்ணெய் மேலே வந்து நிற்கும்வரை சுருட்டி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்தேன்.
கைப்பையில் அது. பக்கத்தில்
லாரித் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது, ஒரு லிட்டர்.

மீனம்பாக்கத்தில், உள்நாட்டு வாசலில்,
காக்கிக்காரர் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாராம்.
எண்ணெய் சாய்ந்தது. எறா சாயவில்லை.
"ஊறுகாயா?"
"தொக்கு சார்."
"போ."
இரண்டு பாட்டிலும் மேகத்துக்கு மேலே போயின.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன், பம்பாயிலிருந்து.
இன்னொரு வாசலாம், இன்னொரு காக்கியாம்,
தோஹா போகிறவனுக்கு நூறு மில்லிதானாம்.
"அதே பாட்டிலுதான்டி. அதே நான்தான்.
ரெண்டு மணி நேரத்துல இன்னா மாறிச்சி?
கட்டிங்குன்னா வெளிநாடு பூரா உடுவானாம்,
குவார்ட்டருன்னா பம்பாயோட நிறுத்துவானாம்."

எண்ணூர் முகத்துவாரத்தில்
ஆறு எந்த இடத்தில் கடலாகிறதென்று
நண்டு பிடிக்கிறவர்களுக்கே தெரியாது.
அங்கே ஒரு மேஜை போட்டு
ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் போல,
நினைத்துக்கொண்டேன்.

அந்த மார்கழியில்
வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது எங்கள் தெருவுக்கு.
வாசற்படி ஏறி, கட்டில் கால் ஏறி,
அரிசி டப்பாவின் மூடிவரை.
எத்தனை மில்லி என்று
எந்த மேஜையும் அதை நிறுத்திக் கேட்கவில்லை.
இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும்
சுவரில் கோடு தெரிகிறது.

"குப்பைல போடச் சொல்றான்டி."
"போடாத. தின்னு."
"சோறு இல்லாமயா?"
"பன்னு வாங்கு."
"ஒரு பன்னு இருநூத்தம்பது ரூபா!"
"வாங்குய்யா."

வரிசையை விட்டு விலகி
தூணோரம் குந்தி உட்கார்ந்தானாம்.
பக்கத்தில் ஏற்கெனவே ஒருத்தன்,
நெல்லூர்க்காரன், மஸ்கட் போகிறவன்,
மடியில் ஆவக்காய் ஜாடி.
பாஷை அரைகுறை.
பன்னைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள்.
இவன் காரம் அவனுக்கு, அவன் காரம் இவனுக்கு.
மூக்கு ஒழுக ஒழுக,
கடைசியில் விரலால் வழித்து,
ஒரு லிட்டர் தண்ணீரையும் இரண்டு பேரும் குடித்துத் தீர்த்து,
மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள்.

"வயித்துக்குள்ள அவ்ளோத்தையும் எட்த்துக்கினு போறேன்,
மிஷினு கத்தவே இல்லடி" என்றான்.
ஏப்பம் கேட்டது. ஃபோன் கட்டானது.

காலி பாட்டிலுக்குத் தடையில்லையாம்.
அதை எடுத்துப் போயிருக்கிறான்.
மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினானாம்,
இப்போது அதில் சில்லறையும்
பழைய சிம் கார்டும் கிடக்கின்றன.
நேற்று வீடியோவில் வந்தவன்
மூடியைத் திருகி
பாட்டில் வாயை ஃபோன் முன்னால் நீட்டினான்.
"வாசனை வருதா?"

கவுண்டரில் ஒருத்தர் நின்று
இருமிக்கொண்டிருந்தார்.
"வருது" என்றேன் தேசப்பனிடம்.
அவரிடம்,
"அறுபதா, நூறா?" என்றேன்.