படர்தாமரை, மாதிரி 41

பரேலில் ஜூலை.
மூன்றாம் மாடி ஜன்னல் கம்பி வியர்க்கிறது.
வாசல் வாளியில் எட்டுக் குடை,
எட்டுக்கும் ஒரே நாற்றம்.
போன வருடப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
சுவரில் கறுப்பு எழுத்துப் பழகுகிறது.
பதினொரு மாத ஒப்பந்தம் போடாமல்
இந்த ஊரில் குடியிருப்பது
பூசணம் மட்டும்தான்.

நாங்கள் அதை வளர்க்கிறோம்.
தோலைச் சுரண்டிக் கருப்புத் தாளில் மடித்து
கூழில் தூவி
இருபத்தெட்டு டிகிரியில் உறங்கவைத்துப்
பத்து நாள் பார்த்துக்கொள்கிறோம்.
மாதிரிக்குப் பெயர் கிடையாது.
31: ஆண், 22, தொடை, டெலிவரி வண்டி.
36: பெண், 50, மார்பின் கீழ், மீன்கூடை.
39: எட்டு வயது, கழுத்து.
எல்லோரும் முதலில் போனது மருந்துக்கடைக்கு.
எல்லோருக்கும் கிடைத்தது
மூன்று மருந்தைக் குழைத்த அதே களிம்பு.
இரண்டு நாளில் அரிப்பு அடங்கும்.
வட்டம் அடங்காது.

இதற்குப் படர்தாமரை என்று பெயர் வைத்தவர்
எந்தக் குளக்கரையில் நின்று சொறிந்தாரோ.
மராத்தியில் கஜகர்ணம் என்கிறார் டாக்டர் தாம்லே.
எங்களுக்குப் பூ, அவர்களுக்கு யானைக்காது.
ராத்திரி இரண்டு மணிக்கு
இரண்டும் ஒன்றுதான்.

யூஜினாலை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.
ஆறு மூலை வளையம்.
ஒரு மூலையில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்து,
பக்கத்தில் மீத்தாக்ஸி,
எதிரே மூன்று கார்பனில் குட்டி வால்.
தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும்,
கொழுப்பைக் கண்டால் உறவாடும்.
பூசணத்தின் மேல்சவ்வும் கொழுப்பு.
கதவு தட்டாமல் உள்ளே போகிறது.
போனபின் சவ்வு தளர்ந்து
சேர்த்துவைத்த உப்பெல்லாம்
ஈரப் பையில் கட்டிய அரிசி மாதிரி
ஒழுகிப்போகிறது.
கிராம்பு மொட்டு தனக்காகச் செய்துகொண்ட காவல் இது.
பல்லையும் பிரியாணியையும்
அது நினைத்திருக்காது.

36-இன் தட்டில் டெர்பினாஃபின் வைத்த தாள்வில்லை.
பூசணம் வெண்பஞ்சாய் விளிம்புவரை வந்து
அதன்மேல் தலைசாய்த்துக் கிடந்தது.
இன்னொரு தட்டில், நீர்த்த கிராம்பு எண்ணெய்.
வில்லையைச் சுற்றிச் சுத்தமான வட்டம்.
பதினெட்டு மில்லிமீட்டர்.
ஸ்கேலை இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன்.
வட்டமாய்ப் படரும் ஒன்றை
வட்டமாய் நின்று தடுக்கும் ஒன்று.

41-க்கு நான் நீர்க்கவில்லை.
கை தவறவில்லை. கூட்டினேன்.

பத்தாம் நாள் மூடியைத் திறந்தால்
தட்டு முழுக்க வெறுமை.
கிராம்பு வில்லையைச் சுற்றி இல்லை, சரி.
எதிர்மூலையில் ஒப்பிட வைத்த
வெறும் தாளைச் சுற்றியும் இல்லை.
தொடவே தொடாத எண்ணெய்,
மூடிக்குள் ஆவியாய்ச் சுற்றி
எல்லாவற்றையும் முடித்திருக்கிறது.

நான் சிரித்தேன். டாக்டர் தாம்லே சிரிக்கவில்லை.
"இது முடிவில்லை, விஜிலா.
எங்காவது ஓர் ஓரத்தில்
பூசணம் உயிரோடு நின்றால்தான்
அளக்கமுடியும். திரும்பச் செய்."

41: பெண், 34, இடுப்பு,
பாவாடை நாடா முடிச்சிடும் இடம்.
தொழில் என்ற கட்டத்தில்
ஆய்வக உதவியாளர் என்று எழுதியதை
அவர் வாசிக்கவில்லை,
அல்லது வாசித்தார்.

முந்தின வாரம் ஓர் இரவு
கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒரு துளி, நீர்க்காமல்.
தட்டு தோல் அல்ல என்று
நானே எத்தனை அறிக்கையில் தட்டச்சு செய்திருக்கிறேன்.
கொப்புளம் மூன்று நாள்.
அதைச் சுற்றி வட்டம், பழையபடி,
கொஞ்சம் அகலமாய்.

புதுத் தட்டுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றிவிட்டு
ஆறே முக்கால் தாணே ஸ்லோவில் ஏறினேன்.
பெண்கள் பெட்டி. நனைந்த துணி, மல்லிகை, வடாபாவ்.
எனக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் நடுவே
காற்று நுழைய இடமில்லை.
கிராம்பு நுழைந்தது.
அவள் மூக்கைச் சுளித்து, பிறகு இளகி,
"பல்வலியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
"எந்தப் பக்கம்?"
இடுப்புக்குப் போகவிருந்த கையைத் தூக்கிக்
கன்னத்தில் வைத்தேன்.