செவ்வாய்க்கிழமை லீவு

ஓசூரில் எனக்குத் தெரிந்து ஐந்து பூங்காக்கள்.
என் வார விடுமுறை செவ்வாய்,
ஊரே வேலைக்குப் போயிருக்கும்.

ஹவுசிங் போர்டு பூங்காவில்
ஊஞ்சலுக்கு ஒரு சங்கிலிதான்.
ஏரிக்கரையில் எட்டு போட்டு நடப்பவர்கள்
எதிரே வந்தாலும் சிரிப்பதில்லை,
சுற்றுக் கணக்கு தப்பிவிடும்.

விமானம் ஏறுகிற ரோஜா விளையும் ஊர்.
பூங்காவில் எல்லாம் குரோட்டன்ஸ்.

ஒன்பது மணிக்கு விசில் ஊதிப் பூட்டுகிற மாரேகவுடா
இன்று என்னை எழுப்பவில்லை.
விழித்தபோது பதினொன்று.
உள்ளே நானும் ஒரு கீரிப்பிள்ளையும்.

கம்பிக்கு அந்தப் பக்கம் டீயோடு நின்றார்:
"நைட் ஷிப்டாம்மா?
தூங்கு.
நாலு மணிக்குத்தான் திறப்பேன்."

கழுத்திலேயே கிடந்த கம்பெனி அட்டையைக்
கழற்றிச் செருப்புக்குள் வைத்தேன்.