துளியின் அளவு

எங்கள் அட்லாண்டிக்
நூற்றிருபது அடி நீளம், மூன்றடி ஆழம்.
லண்டனுக்கு மேற்கே, ஸ்டுடியோவின் பின்வெளியில்,
தச்சுக்கூடத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவே.
அடிவானம் தகரத்தில் அடித்த சாயம்.
மழை பெய்தால் மேற்கு மூலையில் வானம் ஒழுகும்;
ஏணியும் வாளியுமாகப் போய்ச் சரிசெய்வேன்.

அலைக்கு மூன்று பேர் பலகையை மிதிக்க வேண்டும்.
நுரைக்குச் சலவை சோப்பு.
ஆழத்துக்கு நீலச் சாயம்:
நவம்பர் முழுக்க என் நகங்கள் நீலம்.
ரொட்டிக்கடைப் பெண் சில்லறையை
என் கையில் தராமல் மேசைமேல் வைக்கிறாள்.

இயக்குநர் டெஸ்மண்ட் பிளைத், குரல் உயர்த்தாத மனிதர்,
கேமராவுக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கப்பல் கப்பலாகத்தான் இருக்கிறது.
தண்ணீர்தான் பொம்மையாக இருக்கிறது."

அதற்கு வைத்தியம் கிடையாது.
பீரங்கியைச் சுருக்கலாம். கொடிமரத்தைச் சுருக்கலாம்.
நங்கூரச் சங்கிலியைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம்
சொல்லிச் செய்து வாங்கலாம்.
துளி சுருங்காது.
நாற்பதில் ஒரு பங்குக் கப்பலின் தளத்தில்
விழுவது முழுத் துளி;
அங்கே அது ஓர் ஆளின் தலைப் பருமன்.

கேமராவை வேகமாக ஓட்டினோம்.
சுருள் விரைய விரையத் திரையில் எல்லாம் நிதானப்படும்.
அலைக்குக் கனம் வரும். புகை யோசித்து எழும்.
ஒரு நொடியில் தீர்ந்துபோன என் வெடிமருந்து
திரையிடும் அறையில் ஆறு நொடி நின்று எரிந்தது.
"அழகு" என்றார் பிளைத், மெதுவாக.

நானும் ஒரு கப்பலில் இருந்தேன். கொதிகலன் அறை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
வேலைமுறை முடிந்து தளத்துக்கு வந்த காலை,
லென் பாஸ்கோ தீப்பெட்டி கேட்டான்.
எறிந்தேன்.
பிடித்தானா என்று
இன்றுவரை தெரியாது.
அவ்வளவுதான் நேரம்.

ஆலோசனை சொல்ல வந்த கமாண்டர் ட்ரெவ்லின்
குடையை மடக்காமலே நின்றார்.
பீரங்கிப் புகை பழுப்பு என்றார், கறுப்பு வேண்டாம்.
பிறகு, யாரிடம் என்றில்லாமல்:
"ஆட்களை எங்கே?"
இந்த அளவில் தெரிய மாட்டார்கள், ஐயா, என்றான் ஓவியப் பையன்.
கமாண்டர் ஆமாம் ஆமாம் என்றார்.
மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

புதன்கிழமை எதிரிக் கப்பல் தேவைப்பட்டது.
காசு இல்லை.
அதே உடலைக் கரையேற்றி,
சாம்பலை ஒரு படி இருட்டாக்கி,
நான்கு பீரங்கிக் கூண்டுகளை இரண்டாக்கி,
புகைபோக்கிக்கு ஒரு தொப்பி வைத்தோம்.
தேநீர் வேளைக்குள் ஜெர்மானியர் ஆகிவிட்டது.
திங்களன்று நம்மவர்மேல் பட்ட குண்டின் ஓட்டை
அதன் இடுப்பில் மக்கு பூசிக் கிடந்தது.
இரண்டு முறையும் விசையை அழுத்தியவன் நான்.

கடைசி நாள் அது மூழ்க மறுத்தது.
பைன் மரம், என்ன செய்யும்?
குழாய்க்காரரிடம் ஈயம் வாங்கி வயிற்றில் அடைத்தேன்.
ஹெஸ்டர் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தாள்:
"ஷாட் இருநூற்றுப் பதினான்கு. மூழ்குகிறது. நான்காம் முறை."
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
முன்பாகம் இறங்கியது, பின்பாகம் எழுந்தது,
ஒரு துளி தெறித்து லென்ஸில் ஒட்டியது.
துடைக்கலாமா என்று நான் கை காட்ட,
பிளைத் வேண்டாம் என்று தலையாட்டினார்.

மார்ச்சில், ரெடிங் ஊரில், டிக்கெட் வாங்கிப் பார்த்தேன்.
அரங்கம் மூச்சு விடவில்லை.
கப்பல் வெகுநேரம், கண்ணியமாக, மூழ்கியது.
வலது மூலையில் அந்தத் துளி
ஒரு முகத்தளவு வீங்கி
வழியாமல் நின்றது.
வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

விளக்கு வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர்
தீப்பெட்டி இருக்கிறதா என்றார்.
எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
விரல்கள் மூடும்வரை
என் கையை எடுக்கவில்லை.